பனிமூட்டத்தின் உள்ளே பார்ப்பது எப்படி?

(சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நுவரெலியாவிலும் அட்டனிலும் வாழும் நமக்குப் பனிமூட்டத்தைப் பற்றி வெளியூரார் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. றம்பொடை வளைவுகளில் லொறி ஓட்டும் எவரையும் கேளுங்கள். விளக்கைப் பெரிதாக்கினால் பாதை தெரியாது, வெள்ளைச் சுவர்தான் எதிரே எழும் என்பார். பனித்துளி ஒளியை விழுங்குவதில்லை; திசை திருப்பி விடுகிறது. ஒரு துளியில் பட்டு விலகிய கதிர் அடுத்த துளியில் பட்டு மறுபடியும் விலகும். அதில் ஒரு பங்கு நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது.

வெறுந்தேநீரில் கரண்டியின் அடிவரை தெரியும். ஒரு சொட்டுப் பாலை விடுங்கள், கரண்டி மறைந்துவிடும். நம் உடலின் தசையும் பால் தேநீரின் சாதிதான். இருட்டில் உள்ளங்கையின் கீழே டோர்ச் லைட்டைப் பிடித்தால் கை முழுவதும் சிவப்பாக ஒளிரும். எலும்பு மட்டும் தெரியாது. ஒளி வெளியே வந்துவிட்டது, ஆனால் வந்த வழியைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறது.

தொலைந்த வழியைக் கண்டுபிடிக்க முடியுமா? திருச்சிராப்பள்ளியிலே பிறந்த சர் சி. வி. இராமன் 1948இல் பெங்களூரில் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில் ஹேமா இராமச்சந்திரன் என்னும் விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் இக்கேள்வியை நெடுங்காலமாக ஆராய்ந்து வந்திருக்கின்றனர். (இராமன் 1928இல் கண்டது நிறம் மாறும் சிதறல், பனிமூட்டத்தில் நிறம் மாறுவதில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) டில்லிக்கு அருகே குளிர்காலக் காலைப் பனியில் அவர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். சிவப்பு விளக்குகளைக் குறிப்பிட்ட தாளத்தில் கூட்டிக் குறைத்து எரியவிட்டார்கள். 150 மீற்றர் தொலைவிலிருந்த கமெரா தொடர்ந்து படம் பிடித்தது. கணினி அந்தத் தாளத்துக்கு இசைந்து வந்த ஒளியை மட்டும் பொறுக்கி எடுத்தது. திருவிழா இரைச்சலில் நமக்குப் பழகிய தப்பின் அடியை மட்டும் காது பிரித்தெடுப்பது போன்றது இது. மலைப்பாதையிலும் புகையிரதப் பாதையிலும் இத்தகைய முறை என்றேனும் பயன்படலாம்.

உடலுக்குள்ளே பார்ப்பது இதைவிடக் கடினம். 1977இல் ஜோப்சிஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானி, சிவப்பைத் தாண்டிய கண்ணுக்குத் தெரியாத ஒளி மண்டையோட்டையும் ஊடுருவி, மூளையின் இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று காட்டும் எனக் கண்டார். கொரோனாக் காலத்தில் நம் விரலில் மாட்டிய சிறு கருவியும் இரத்தம் இவ்வகை ஒளியை உறிஞ்சும் அளவைக் கொண்டே கணக்கிடுகிறது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் குறைமாதக் குழந்தையின் தலையைச் சுற்றி ஒளி நார்களைப் பொருத்தி, மூளையையே படமாக்கினார்கள். ஒரு நாரால் ஒளியைச் செலுத்துவார்கள். மற்ற நார்கள் அளக்கும். பிறகு அடுத்த நார். கணினி உள்ளே இருப்பதை ஊகித்து, அப்படி இருந்தால் எவ்வளவு ஒளி வெளிவர வேண்டும் என்று கணக்கிடும், அளந்ததோடு ஒப்பிட்டு ஊகத்தைத் திருத்தும், மறுபடியும் கணக்கிடும்.

இதன் குறையையும் மறைக்கக் கூடாது. உள்ளே வெவ்வேறாக இருந்தாலும் வெளியே கிட்டத்தட்ட ஒரே அளவுகள் வரலாம். ஆதலால் படம் மங்கலாகவே இருக்கும். எக்ஸ் கதிர்ப் படத்தின் கூர்மை வராது. ஆனால் கதிர்வீச்சின் ஆபத்து இதில் இல்லை. பெரிய ஸ்கேன் இயந்திரத்துக்குக் குழந்தையைத் தூக்கிச் செல்லவும் வேண்டாம். கருவி கட்டிலருகே வரும். தோட்டத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கரடுமுரடான பாதையில் குறைமாதப் பிள்ளையைக் கொண்டுபோன தாய்மார் இச்சபையிலேயே இருப்பீர்கள். அதன் அருமை உங்களுக்குத் தெரியும்.

இவ்வொளி சில சென்ரிமீற்றர் ஆழமே பயனுள்ளபடி செல்லும். சிசுவின் தலை சிறியது, ஓடும் மெல்லியது. ஆகையால் அங்கே வழி கிடைத்தது. வளர்ந்தவர் தலையில் இன்றைக்கும் மூளையின் மேற்பரப்பு மட்டுமே எட்டுகிறது.