பிரித்துக் காட்டும் பூச்சு

சேலம் மாவட்டம் தம்மம்பட்டியிலிருந்து ஆத்தூர், சின்னசேலம் வழியாகப் போனால் கள்ளக்குறிச்சி. அங்கே கருணாபுரத்தில் 2024 ஜூன் மாதம் கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலரைச் சேலம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால்.

மதுவில் இருக்கும் எத்தனாலுக்கும் இந்த மெத்தனாலுக்கும் நிறம் கிடையாது. வாசனையை வைத்தும் இனம் காண முடியாது. ஆனால் மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும், உயிரையும் பறிக்கும். மூக்குக்கும் நாக்குக்கும் பிடிபடாத இந்த வேறுபாட்டைப் பிரித்துக் காட்டுவதுதான் வாயு வண்ணப்பிரிகைக் கருவி. ஆய்வகங்களில் ஜி.சி. என்பார்கள்.

அதன் உயிர்நாடி ஒரு மெல்லிய சிலிக்கா குழாய். பெரும்பாலும் 30 மீட்டர் நீளம்; உள்விட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதைச் சுருட்டிச் சூடான பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். மாதிரியின் ஆவியை ஹீலியம் போன்ற வாயு குழாய்க்குள் தள்ளிக்கொண்டு போகும். குழாயின் உட்சுவரில் ஒரு பூச்சு இருக்கிறது. பாடநூலில் அதற்கு நிலையான நிலைமை என்று பெயர்.

தெருவில் நடந்து போகிறவருக்கு வழியெல்லாம் சொந்தக்காரர் வீடு இருந்தால் நின்று பேசித்தான் போவார். இல்லாதவர் விறுவிறுவென்று போய்விடுவார். அதுபோலவே, பூச்சோடு ஒட்டுறவு உள்ள பொருள் தாமதமாக வெளியே வரும். ஆகவே எந்தப் பூச்சு என்பதே முதல் கேள்வி.

சிலிக்கோன் வகைப் பூச்சு, பெரும்பாலும் கொதிநிலை வரிசைப்படி பிரிக்கும். மெத்தனாலின் கொதிநிலை சுமார் 65 டிகிரி, எத்தனாலுக்கு 78. ஆனால் ஆல்கஹால்களுக்கு இந்தப் பூச்சில் பிடிப்பு குறைவு. நெருக்கியடித்துக்கொண்டு சீக்கிரமே வந்துவிடும். பாலிஎத்திலீன் கிளைக்கால் பூச்சில் ஹைட்ரஜன் பிணைப்பு அவற்றைப் பிடித்து நிறுத்துவதால் நன்றாகப் பிரியும். ஆய்வகத்தார் இதை வேக்ஸ் குழாய் என்பார்கள்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. புளித்த பானங்களில் இயல்பாகவே இருக்கும் எத்தில் அசிட்டேட், வேக்ஸ் குழாயில் மெத்தனாலுக்கு மிக அருகில் வரும். ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிட இடமுண்டு. சிலிக்கோன் குழாயிலோ அது மெத்தனாலுக்கு வெகுநேரம் பின்னால்தான் வரும். இதனால்தான் இரத்தத்தில் ஆல்கஹால் பார்க்கும் தடயவியல் ஆய்வில், பூச்சு வேறான இரண்டு குழாய்களில் ஒரே மாதிரியை ஓட்டிப் பார்க்கிறார்கள். இரண்டிலும் மெத்தனாலுக்குரிய நேரத்தில் வந்தால்தான் அது மெத்தனால் என்று உறுதியாகச் சொல்லலாம்.

வாயு வண்ணப்பிரிகை முறையை 1952-இல் செய்து காட்டிய ஜேம்ஸ், மார்ட்டின் என்ற இரு விஞ்ஞானிகளும் கொழுப்பு அமிலங்களைப் பிரிக்கச் சிலிக்கோன் எண்ணெயோடு ஸ்டியரிக் அமிலத்தையும் சேர்த்தார்கள். பிரிக்க வேண்டிய பொருளைப் பார்த்துப் பூச்சைத் தீர்மானிக்கும் பழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

வேதியியல் படிக்கும் பிள்ளைகளே, ஜி.சி. முடிவு ஒன்று கையில் கிடைத்தால், எந்தப் பூச்சில் ஓட்டியது என்று முதலில் கேளுங்கள். ஓர் உயிர் எதனால் போயிற்று என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் தாள் அது. அதில் ஊகத்துக்கு இடமிருக்கக் கூடாது.

மற்ற நேயர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சாராயம் குடித்த யாருக்காவது கண் மங்கினாலோ, வயிற்று வலியும் வாந்தியும் வந்தாலோ, போதை தெளியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். நேரத்தோடு போனால் முறிவு மருந்தும் டயாலிசிஸும் உயிரைக் காப்பாற்றக்கூடும்.