எலும்புக்கூட்டின் மார்பில் ஓர் எண்



கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். இருட்டான ஒரு பாதாள அறை. எதிரே ஓர் எலும்புக்கூடு வருகிறது. அதன் மார்பில் 15 என்று எழுதியிருக்கிறது. உங்களிடம் மூன்று ஆயுதங்கள். ஒன்று இரண்டால் வகுக்கும், ஒன்று மூன்றால், மற்றது பத்தால். மூன்றால் வகுப்பதை வீசினால் எலும்புக்கூடு பொலபொலவென்று உதிரும். இரண்டால் வகுப்பதை வீசினீர்களோ, அடி உங்களுக்குத்தான். 11 வந்தால் பேசாமல் ஒதுங்கிவிட வேண்டும். அது எதற்கும் மசியாது.

ஜோம்பி டிவிஷன் என்ற இந்தக் கணினி விளையாட்டை இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகளுக்காகச் செய்தவர் ஜேக்கப் ஹாப்குட். விளையாட்டு தயாரிக்கும் தொழிலிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்தவர். அதனால்தானோ என்னவோ, ஒரு குறும்பு செய்தார். இதே விளையாட்டை இன்னொரு விதமாகவும் அமைத்தார். அதில் சண்டையில் எண்ணே கிடையாது. ஒரு கட்டம் முடிந்ததும் அதே வகுத்தல் கணக்குகள் தேர்வுபோல வரும். 'வாய்ப்பாட்டைச் சொல்லிவிட்டு டிவி பார்' என்று நாம் வீட்டில் பேசும் பேரம்தான்.

ஹாப்குட்டும் ஷாரன் ஐன்ஸ்வொர்த்தும் 2011இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே அளவு நேரம் கொடுத்தபோது, சண்டைக்குள்ளேயே கணக்கு இருந்த பிள்ளைகள் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். அது எதிர்பார்த்ததுதான் என்பீர்கள். பிறகு, இஷ்டம்போல ஆடலாம் என்று விட்டபோது, தேர்வு வைத்த விளையாட்டைவிட, சண்டைக்குள் கணக்கு இருந்ததை ஏழு மடங்கு நேரம் ஆடினார்கள். கணக்கு கசப்பு மருந்து, வெல்லத்தில் பொதிந்துதான் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தது நாம்தான்!

நார்வேயில் 2012இல் வந்த டிராகன்பாக்ஸ் என்ற விளையாட்டும் இந்த வழிதான். திரையின் இரு பக்கமும் படச் சீட்டுகள். ஒரு பெட்டியைத் தனியாக நிறுத்த வேண்டும். ஒரு பக்கம் எதைச் சேர்த்தாலும் மறுபக்கமும் சேர்க்க வேண்டும். ஆட ஆடப் படங்கள் எழுத்துகளாகும், பெட்டி எக்ஸ் ஆகும். குழந்தைக்குத் தெரியாமலே அங்கே சமன்பாடு வந்து உட்கார்ந்திருக்கும்.

ஆனால் அந்தத் 'தெரியாமலே' என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் தயக்கம். விரல் செய்ததை வாய் சொல்ல வேண்டாமா? திரையை அணைத்துவிட்டு ஆசிரியர் கேட்க வேண்டும்: "அந்த 11ஐ மட்டும் ஏன் விட்டுட்டு ஓடினே?"

"அது எதாலயும் வகுபடலை, டீச்சர்."

"அப்படி வேற எந்த எண்ணாவது இருக்கா, பார்."