புராசசரை மாற்றினால் போதுமா?



தில்லியில் கரோல் பாக் என்று ஒரு பகுதி. பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் இடம். அங்கே கஃபார் மார்க்கெட் இருக்கிறது. கைபேசியின் திரை உடைந்ததா? பேட்டரி போய்விட்டதா? மாற்றித் தர அங்கே ஆட்கள் உண்டு.

அந்தப் பகுதியில் ஒருவர் சிறிய தட்டச்சுக் கடை வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் அடித்துக் கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. அவருடைய கணினி மெதுவாகிவிட்டது. புதியது வாங்கினால் கடன்பட வேண்டும். "புராசசரை மட்டும் மாற்று, போதும்" என்கிறார் ஒரு நண்பர். அது சரியா?

புராசசர் என்பது கணினியில் கணக்குப் போடும் சில்லு. மதர்போர்டு என்ற பலகையில் அது உட்காரும் இடத்துக்குச் சாக்கெட் என்று பெயர்.

இந்த ஆசை புதிதல்ல. 1992இல் இன்டெல் நிறுவனம் ஓவர்டிரைவ் என்ற புராசசரை விற்றது. பழைய கணினியில் இதைப் பொருத்தினால் வேகம் கூடும் என்றது. 1995இல் பழைய 486 கணினிகளுக்காகப் பென்டியம் ஓவர்டிரைவ் வந்தது. வேகம் கூடியது உண்மை. ஆனால் அது புதிய பென்டியம் கணினிக்கு ஈடாகவில்லை. ஏன்?

கிணற்று மோட்டாரைப் பாருங்கள். பெரிய மோட்டாரை வைத்துவிட்டுப் பழைய ஒல்லிக் குழாயையே விட்டால் தண்ணீர் அதிகம் வருமா? பென்டியம் கணினியில் தகவல் போகும் பாதைக்கு 64 தடங்கள். பழைய 486 பலகையில் 32 தடங்கள்தான். மோட்டார் மாறியது. குழாய் மாறவில்லை.

மாற்றிப் பயன் பெற்றவர்களும் உண்டு. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் 2016இல் வந்தது. 2017இல் வாங்கிய பல பலகைகளில், உள் மென்பொருளைப் புதுப்பித்தபின், 2020இல் வந்த ரைசன் புராசசரும் பொருந்தியது. மடிக்கணினியில் இது நடக்காது. பெரும்பாலான மடிக்கணினிகளில் புராசசரைப் பலகையோடு பற்றவைத்திருப்பார்கள்.

பொருள் கெடாமலே பழையதாவதும் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11 வந்தது 2021இல். 2017க்கு முந்திய பெரும்பாலான புராசசர்களை அது ஏற்பதில்லை. நன்றாக ஓடும் கணினியும் இதனால் ஒதுக்கப்படுகிறது.

அப்படியானால் கடைக்காரர் என்ன செய்யலாம்? பணம் கொடுக்குமுன் மூன்று கேள்விகள் கேட்கலாம்.

ஒன்று: இந்தச் சாக்கெட்டில் எந்தப் புராசசர் பொருந்தும்?

இரண்டு: தாமதம் புராசசரால்தானா? பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டாலே பல கணினிகள் சுறுசுறுப்பாகிவிடும். ராம் குறைவாக இருந்தால் அதைக் கூட்டலாம்.

மூன்று: செய்யும் வேலைக்கு எது தேவை? கடிதம் அடிக்க, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போதும். பழைய கணினியிலும் அது ஓடும்.

மூன்றுக்கும் பதில் கிடைக்காவிட்டால் புதியது வாங்குவதே மேல். பழையதைக் குப்பையில் போடக் கூடாது. அதில் ஈயம் உண்டு. மின்னணுக் கழிவை முறையாகச் சேர்க்க 2023 ஏப்ரல் 1 முதல் புதிய விதிகள் நடப்பில் உள்ளன. பதிவு பெற்ற இடத்தில் கொடுக்க வேண்டும்.

நண்பர்களே, எந்தக் கணினியும் என்றும் புதிதாக இருக்காது. புராசசரை மாற்றினால் அதன் ஆயுள் சில ஆண்டுகள் நீளலாம். அதுவும் மற்ற பாகங்கள் ஈடு கொடுத்தால்தான். ஆகவே கேட்டுத் தெரிந்துகொண்டு பணத்தை எடுங்கள். உழைத்த காசு வீணாகாது.