கடன்படா வாழ்வு
(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் இலக்கியம் பற்றிப் பேசுமாறு நிருவாகத்தார் எம்மைப் பணித்தனர். யாம் கடனைப் பற்றிப் பேச இசைவு வேண்டினோம். தமிழ் படிப்பிப்பவனுக்கு வட்டிக் கணக்கில் யாது வேலை என்று சிலர் நகைத்தல் கூடும். நன்கு கற்கும் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிடுவதற்குக் காரணம் கேட்டால், தமக்கையின் திருமணக் கடன் என்றும், வீட்டு மேல்தளத்துக் கடன் என்றும் விடை வருகின்றது. அவ்விடையைப் பன்முறை கேட்டமையால் இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். கடன் என்பது பழந்தமிழில் கடமை என்னும் பொருட்டு. பொன்முடியார் பாடிய புறநானூற்றுப் பாட்டொன்றில் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் காளைக்கும் உரிய செயல்கள் கடன் என்றே கூறப்படுகின்றன. இன்றும் காலைக்கடன், நீத்தார்கடன் என்கின்றோம். வாங்கிய பொருளைத் திருப்புதலும் கடமையாதலின் அப்பொருளுக்கும் அதுவே பெயராயிற்றுப் போலும். இக்காலத்தில் பின்வந்த பொருள் முன்னைய பொருளை விழுங்கிவிட்டது. இரண்டாவது கடனைப் பட்டவன் முதலாவது கடனை ஆற்ற இயலாதவனாகின்றான். கடன்பட்டோன் கலக்கத்தை இலங்கை வேந்தனுக்கு உவமையாக்கும் அடியொன்றைக் கம்பர் வாக்கென்று மேடைதோறும் முழங்குவார் உளர். அவ்வடி கம்பராமாயணத்தில் இல்லை. கம்பர் பெயரில் எழுதிவைத்த இக்கடனையாவது நாம் இன்று தீர்த்துவிடுவோமாக.

இனிக் கணக்கிற்கு வருவோம். ஊரில் 'இரண்டு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்று பொருள். வங்கியில் 'பன்னிரண்டு விழுக்காடு' என்றால் அது ஆண்டுக்கு. இரண்டு என்பது செவிக்குச் சிறிதாகவும் பன்னிரண்டு பெரிதாகவும் படுகின்றது. உண்மையில் முன்னது ஆண்டுக்கு 24. பின்னதைப்போல் இரு மடங்கு. திருமணத்திற்காக 5,00,000 ரூபாயை இரண்டு வட்டிக்கு வாங்கியவர் மாதந்தோறும் 10,000 ரூபாய் வட்டியாகவே கட்டுவர். ஐம்பது மாதத்தில் வாங்கிய தொகை முழுதும் வட்டியாகப் போய்விடும். முதல் அப்படியே நிற்கும். அப்பொழுது மகள் பெற்ற குழந்தை பள்ளிக்குச் செல்லத் தொடங்கியிருக்கும்.

நாட்டண்டலை எடுத்துக்கொள்வோம். 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு, 1,500-ஐ முன்னரே பிடித்து, 8,500 கையிற் கொடுப்பர். நாளொன்றுக்கு 100 ரூபாயாக நூறு நாள் கட்டவேண்டும். பதினைந்து விழுக்காடுதானே என்று வாங்குவோர் எண்ணுகின்றனர். நாள்தோறும் முதல் குறைந்துகொண்டே வருதலின், நூறு நாளும் சராசரியாக அவர் கையில் நிற்பது ஏறக்குறைய 4,250 ரூபாயே. அதற்கு நூறு நாளில் வட்டி 1,500. ஓராண்டிற்குக் கணக்கிட்டால் நூற்றுக்கு 120-க்கும் மேல் ஏறுகின்றது. வாசலில் வந்து நின்று மரியாதையாக வாங்கிச் செல்கின்றானாதலின் இக்கொடுமை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஒருநாள் தவறினால் மரியாதையும் தவறும்.

படித்தோர் இவ்விடத்தில் தமக்குத் தொடர்பில்லை என்று இருக்கவேண்டா. கடனட்டையில் நிலுவை வைப்போர்க்குப் பல வங்கிகள் மாதம் நூற்றுக்கு மூன்றரை வரை வட்டி வாங்குகின்றன. நிலுவை 50,000 ஆயின் மாத வட்டி 1,750. குறைந்தபட்சத் தொகையென்று நூற்றுக்கு ஐந்து வீதம் 2,500 கட்டுவோர்க்கு முதலில் கழிவது 750 மாத்திரமே. தண்டற்காரனுக்குக் குரல் உண்டு. அட்டைக்கு அதுவும் இல்லை. கைப்பேசிச் செயலிகளின் வழியே கொடுக்கப்படும் கடனோ இன்னும் கொடிது. அவற்றுட் சில நம் பேசியிலுள்ள உற்றார் எண்களையெல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு, தவணை பிழைத்தால் அவர்க்கெல்லாம் நம்மைப் பழித்துச் செய்தி விடுத்தமை பன்முறை வழக்காகியுள்ளது.

அரசு வாளாவிருக்கவில்லை. 1938-இல் இராசாசியின் அமைச்சரவை சென்னை மாகாணத்தில் உழவர் கடன் நிவாரணச் சட்டம் கொணர்ந்தது. பழைய கடனுக்கு முதலைப்போல் இரு மடங்கு கட்டி முடித்தவர்க்குக் கடன் அறவே தீர்ந்தது என்று அச்சட்டம் விதித்தது. 2003-இல் வந்த தமிழ்நாட்டு மிகைவட்டித் தடைச் சட்டத்தைப் படிப்போர், அதன் ஆங்கில வாசகத்திற்குள் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்னும் நம் சொற்கள் அவ்வாறே கிடத்தலைக் காண்பர். தமிழ்ச் சொற்கள் சட்டப் புத்தகத்தில் ஏறியமைக்கு மகிழ்வதா, ஏறிய காரணத்திற்கு நாணுவதா? அச்சட்டம் இருந்தும், 2017 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமையை முறையிட்டுப் பயன் காணாத கூலித் தொழிலாளி ஒருவர் மனைவியோடும் இரு பெண் குழந்தைகளோடும் தீக்கிரையானார். அதனை விரித்துக் கூற எம் நா எழவில்லை.

கடனெல்லாம் தீதென்று யாம் கூறவரவில்லை. சென்னை அரசு பணித்தபடி பிரடெரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரி உழவர் கடன்நிலையை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் அறிக்கை அளித்தார். செருமானிய நாட்டில் இராய்பைசன் என்பார் சிற்றூர்களில் நிறுவிய கடன் சங்கங்களை அவர் எடுத்துக்காட்டினார். ஊரார் ஒருவரையொருவர் அறிவர். எதற்கு வாங்குகின்றான் என்பதையும் அறிவர். வருவாய் தரும் வினைக்கே கொடுப்பர் என்பது அம்முறையின் உயிர். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இந்நாட்டில் தோன்றியது. கறவைமாட்டிற்கும் கிணற்றிற்கும் தறிக்கும் பட்ட கடன் தன்னைத்தானே அடைக்கும் வலியுடையது. பந்தலுக்கும் வாணவெடிக்கும் பட்ட கடனை எது அடைக்கும்?

நம்மவர் கடனுக்குப் பெருங்காரணம் திருமணம். இதனை முகமன் இன்றிக் கூறவேண்டும். முன்வரிசையில் வீற்றிருக்கும் செல்வர்கள் பொறுத்தருள்க. செல்வர் ஒருவர் குளிர்பதன மண்டபத்தில் இருபத்தொரு வகைக் கறியோடு ஆயிரம் இலை போடுகின்றார். அவர் பொருள், அவர் விருப்பம். அவ்விலையில் அமர்ந்து உண்டுவரும் உறவினர், தம் மகள் திருமணத்திற்குப் பதினைந்து வகையாவது வேண்டும் என்று நினைக்கின்றார். பதினைந்திற்குக் கடன் வாங்குகின்றார். செல்வர்க்குக் கைம்முதல் குறைந்தது ஒருநாள். உறவினர்க்கு உறக்கம் குறைந்தது ஐந்தாண்டு. கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் பலவற்றில் ஏழைப் பெண்களை மூன்றாண்டு விடுதியில் தங்கி உழைக்கவைத்து, முடிவில் திருமணத்திற்கென்று ஒரு தொகை தரும் முறைக்குச் 'சுமங்கலித் திட்டம்' என்றே பெயர் வழங்கியது. மங்கலச் சொல்லை எங்கே கொண்டு ஒட்டினர் பாருங்கள்!

மொய்யையும் சிறிது ஆராய்தல் தகும். இதனைத் தொடுவது எளிதன்று, ஆயினும் தொடுவோம். புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களின் எல்லையில், கீரமங்கலம் பேராவூரணிப் பக்கங்களில், ஆடி ஆவணித் திங்களில் மொய்விருந்து என்றே ஒரு நிகழ்ச்சி நடத்துவர். தாழ்ந்த குடும்பத்தைத் தூக்கிவிட ஊரார் கூடி ஆளுக்குச் சிறிது கொடுத்தல் அதன் கருத்து. வட்டியில்லை, பத்திரமில்லை, ஈடில்லை. ஆட்டுக்கறிச் சோறும் ஒரு குறிப்பேடுமே உண்டு. இதனினும் அழகிய கூட்டுறவு எந்நாட்டில் உளது? நிக்கல்சன் கண்டிருப்பின் செருமனிவரை சென்றிரார். ஆயினும் திருப்பிச் செய்யும்பொழுது பெற்றதற்கு மேல் புதுநடையாகச் சிறிது கூட்டிச் செய்யவேண்டும். கூடிய தொகை மறுமுறை இன்னும் கூடித் திரும்பவேண்டும். பெற்ற மொய்யை வரவென்று எண்ணி வீடு கட்டியோரும் ஊர்தி வாங்கியோரும், திருப்புங் காலம் வந்ததும் வட்டிக்கு வாங்கி மொய் எழுதுகின்றனர். 2018 நவம்பரில் கஜா புயல் அப்பகுதித் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. தென்னை சாய்ந்தது, குறிப்பேடு சாயவில்லை. மொய் என்பது அன்பின் பெயரால் பெற்ற கடன். அதனைச் செலவிட்டுவிடாமல் வைத்திருப்பவனுக்கே அது உதவி.

இனிச் செட்டு. செட்டு வேறு, உலோபம் வேறு. உண்ணவேண்டியதை உண்ணாமலும் மருந்திற்குக் கொடாமலும் இருத்தல் உலோபம். வருவாயின் எல்லைக்குள் செலவை நிறுத்துதல் செட்டு. வள்ளுவர் இக்கருத்தை எங்கே வைத்தார் என்பது நோக்கத்தக்கது. துறவிலோ இல்லறத்திலோ வைத்தாரல்லர். அரசன் பகைமேற் செல்லுமுன் தன் வலியளவை அறிதலைக் கூறும் வலியறிதல் அதிகாரத்தில் வைத்தார். வரும்வழி சிறிதாயினும் போகும்வழி அகலாதிருந்தால் கேடில்லை என்னும் கருத்து மயிலிறகு ஏற்றிய வண்டியின் அருகே நிற்கின்றது. அவர்க்குச் செட்டு என்பது படைவலியின் ஒரு கூறு.

நம் தாய்மார் இதனை ஏடின்றியே அறிந்தவர். உலையில் இடும் அரிசியில் ஒரு பிடி எடுத்து வேறு பானையில் இட்டனர். கணவர் அறியாமல் சேர்த்த சிறுவாடு எத்தனை குடும்பத்தின் விதைநெல்லாயிற்று! 2016 நவம்பர் 8 இரவில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாவென அறிவித்தபொழுது, அடுக்குப் பானைகளிலிருந்து அச்சிறுவாடு வெளிவந்ததும், ஆடவர் வியந்ததும் நினைவிருக்கும். வியந்தோர் பலர் அதனைத் தாமே வாங்கிச் செலவிட்டதும் நினைவிருக்கும். இக்காலத்தில் பானையை விட அஞ்சலகக் கணக்கு நன்று. அது தாய்மார் பெயரிலேயே இருத்தல் அதனினும் நன்று.

பிற்பகல் அமர்வில் இரண்டு தீர்மானங்களை முன்மொழிய எண்ணியுள்ளோம். சங்க நிதியிலிருந்து திருமணச் செலவிற்குக் கடன் தருவதை நிறுத்தி, அத்தொகையைக் கல்விக்கும் தொழிற்கருவிக்கும் மாத்திரம் தருக என்பது ஒன்று. சங்க நிருவாகிகள் தம் இல்லத் திருமணங்களில் முந்நூறு இலைக்கு மேற் போடலாகாது என்பது மற்றொன்று. ஏழைகட்கு எவ்வரம்பும் யாம் கூறவில்லை. மேலோர் குறைத்தால் அவர் தாமே குறைப்பர். எதிர்ப்பு வரும் என்பதை அறிவோம். எதிர்ப்போர் அவையில் எழுந்து பேசுக, திண்ணையில் வேண்டா.

கூட்டம் முடிந்தபின் மேடைக்கு வலப்புறத்து அறையில் எம் நண்பராகிய கணித ஆசிரியர் ஒருவர் அமர்ந்திருப்பார். கடன் உடையோர் அவரிடம் செல்லலாம். பெயர் வேண்டா, ஊர் வேண்டா, கொடுத்தவர் யாரென்றும் கேட்கமாட்டார். கையில் வாங்கிய தொகையும், தவணைத் தொகையும், தவணை எண்ணிக்கையும் கூறினால், ஆண்டொன்றுக்கு உண்மையில் எத்தனை வட்டி கட்டுகின்றீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதித் தருவார். பல கடன் உடையோர்க்கு எதனை முதலில் அடைப்பது என்றும் குறித்துத் தருவார். மாலை ஆறு மணிவரை இருப்பார்.