புரொசெசர் மாற்றிய கணினி எழும்பாவிட்டால்

புரொசெசர் மாற்றிய மேசைக் கணினியில் மின்விசிறி சுழன்றும் திரை கறுப்பாகவே இருந்தால், புதிய புரொசெசர் பழுது என்று உடனே முடிவுகட்டக் கூடாது. பல வேளைகளில் குறை மதர்போர்டின் பயோஸ் மென்பொருளில் இருக்கும். 2018இல் வந்த பி450 மதர்போர்டில், 2020 நவம்பரில் வெளியான ரைசன் 5000 வரிசைப் புரொசெசர் சரியாகப் பொருந்தும். ஆனால் பழைய பயோஸுக்கு அதை அடையாளம் தெரியாது. பழைய புரொசெசரைத் திரும்ப மாட்டி, பயோஸைப் புதுப்பித்த பிறகே புதியதைப் பொருத்த வேண்டும்.

கண்டியில் இதற்கு நேரம் பார்ப்பது முக்கியம். ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் கண்டி, பேராதனை, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் பின்னேரங்களில் இடிமழை வழக்கம். பயோஸ் எழுதப்படும் அந்தச் சில நிமிடங்களில் கரண்ட் போனால் மதர்போர்டே முடங்கக்கூடும். காலையில், யு.பி.எஸ். இணைப்புடன் செய்வதே நல்லது.

அடுத்தது கைவேலை. பிளக்கைக் கழற்றிவிட்டு, புரொசெசருக்கு அருகே செருகும் 4 அல்லது 8 முனை மின்கம்பி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவசரத்தில் பலர் மறப்பது இதைத்தான். ரைசன் 5000இன் அடியில் 1331 ஊசிகள் உண்டு. ஒன்று வளைந்தாலும் கணினி எழும்பாமல் போகலாம். வட்டமான சி.ஆர்.2032 பெட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டினால் பழைய அமைப்புகள் அழியும்.

ரைசன் 5 5600எக்ஸ் போன்றவற்றில் கிராபிக்ஸ் வசதி கிடையாது. தனிக் கார்ட் இல்லாமல் திரையில் படம் வராது. காசு கொடுக்குமுன் மதர்போர்டின் பெயரைச் சொல்லி, இவற்றைக் கடையில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.