வாங்கும் கைக்கும் பயிற்சி வேண்டும்

இன்று பட்டம் பெறும் இளம் யோகா, இயற்கை மருத்துவர்களே!

இங்கே நீங்கள் ஆசனமும் பிராணாயாமமும் கற்றீர்கள். உடற்கூறியலும் நோய்க்குறியியலும் கற்றீர்கள். நான் இன்று பேச வந்தது ஆசனத்துக்கு முந்திய படிகளைப் பற்றி. தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படித்துவிட்டு நாம் கடந்துவிடும் இயமமும் நியமமும்தான் அவை.

திருமூலர் எட்டு உறுப்பு யோகத்தைத் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் வைத்தார். அதில் இயமத்தில் நிற்பவனுக்குரிய பண்புகளைச் சொல்லும்போது கொல்லாமை, பொய்யாமை, களவின்மை ஆகியவற்றோடு பகுத்து உண்பதையும் சேர்க்கிறார். நியமங்களின் வரிசையில் தானமும் வருகிறது. பதஞ்சலியின் யோக சூத்திரம் சொல்லும் ஐந்து இயமங்களில் பகுத்துண்ணல் இல்லை. அங்கே அபரிக்கிரகம் இருக்கிறது. பொருளைத் தேடுவதிலும் காப்பதிலும் இழப்பதிலும் உள்ள குறைகளை, அதன்மேல் வளரும் பற்றை, அதனால் பிற உயிருக்கு நேரும் துன்பத்தை உணர்ந்து, வேண்டாம் என்று விடுவதே அது என அந்நூலுக்கான வியாசர் உரை சொல்கிறது. திருமூலர் கொடுக்கும் கையைப் பழக்குகிறார். பதஞ்சலி வாங்கும் கையைக் கவனிக்கச் சொல்கிறார். ஒரு மருத்துவருக்கு இரண்டும் வேண்டும். இரண்டாவதுதான் கடினம் என்பது என் உறுதியான எண்ணம்.

உங்களைப் போன்ற ஒரு மருத்துவரின் கதையைச் சொல்கிறேன். 1887இல் திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் குப்புசாமி பிறந்தார். கோரைப்பாய்க்குப் பெயர்போன அதே பத்தமடைதான். தஞ்சாவூரில் மருத்துவம் படித்தார். 'அம்ப்ரோசியா' என்ற மருத்துவ இதழை நடத்தினார். 1913இல் கப்பலேறி மலாயா போனார். சிரம்பான் அருகே ரப்பர் தோட்ட மருத்துவமனை ஒன்றில் வேலை. அந்தக் காலத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ் மக்கள். ஏழைகளுக்குக் கட்டணம் வாங்காமல் வைத்தியம் பார்த்த மருத்துவர் என்று அங்கே அவருக்குப் பெயர். நல்ல சம்பளம், வசதியான வீடு, ஊரில் மதிப்பு. எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1923இல் நாடு திரும்பினார். மறு ஆண்டு ரிஷிகேசத்தில் துறவு பூண்டு சுவாமி சிவானந்தர் ஆனார்.

இந்தக் கதையில் எல்லோரும் துறவைப் பார்க்கிறார்கள். என் கண் நிற்பது அதற்கு அடுத்த நாட்களில். ரிஷிகேசத்தில் துறவிகளுக்கு உணவளிக்கும் சத்திரங்கள் உண்டு. பத்தாண்டு காலம் பிறருக்கு மருந்து கொடுத்துப் பழகிய கை, அங்கே ரொட்டிக்காக நீண்டது. போட்டதை வாங்கிக்கொள்ள வேண்டும். ருசி கேட்க முடியாது. முன்பு டாக்டராக இருந்தேன் என்று சொல்லிப் பயனில்லை. கொடுக்கும் பழக்கம் அவருக்கு மலாயாவிலேயே இருந்தது. வாங்கிக்கொள்ள அவர் கற்றது ரிஷிகேசத்தில்தான் என்று நான் நினைக்கிறேன். 1927இல் பழைய காப்பீட்டுப் பாலிசி ஒன்று முதிர்ந்து பணம் வந்தது. அந்தப் பணத்தைக் கொண்டு லட்சுமண் ஜூலாவில் ஓர் இலவச மருந்தகம் நடத்தினார். தெய்வீக வாழ்க்கைச் சங்கம் தொடங்கியது அதன் பிறகு, 1936இல். இரந்து உண்டவரின் மருந்தகத்தில் மருந்து வாங்க எந்த ஏழையும் கூசியிருக்க மாட்டான்.

வாங்கத் தெரியாதவன் கொடுக்கும்போது, அவனை அறியாமலே குரலில் ஓர் அதிகாரம் ஏறிவிடுகிறது. "இலவசமாகத்தானே பார்க்கிறேன், காத்திருக்கட்டும்" என்று தோன்றும். கீதையின் பதினேழாம் அத்தியாயம் தானத்தை மூன்றாகப் பிரிக்கிறது. திருப்பிச் செய்ய முடியாதவருக்குக் கடமையென்று கொடுப்பது முதல் வகை. பலனை எதிர்பார்த்தோ மனமில்லாமலோ கொடுப்பது இரண்டாவது. அவமதித்துக் கொடுப்பது கடைசி. நம் இலவச முகாம்களில் பயனாளியைப் பதாகைக்கு முன்னால் நிறுத்திப் புகைப்படம் எடுக்கிறோமே, அதை எந்த வகையில் சேர்ப்பது? எனக்கு அது வலிக்கிறது. அதைச் செய்யாதீர்கள்.

சரி, வாங்குவது எப்படி? நாளை ஒரு பாட்டி, மூட்டுவலி குறைந்த மகிழ்ச்சியில் கொல்லையில் காய்த்த முருங்கைக்காயை மஞ்சள்பையில் கட்டி எடுத்து வருவார். அடுத்த வாரம் ஒரு மருந்து நிறுவனத்தின் பிரதிநிதி பரிசுப் பெட்டியோடு வருவார். அபரிக்கிரகம் படித்த நீங்கள் இரண்டையும் மறுப்பீர்களா? மறுத்தால் பாட்டியின் முகம் சுருங்கிவிடும். உங்களிடம் கடன்பட்டவராகவே அவரை அனுப்பிவைத்திருப்பீர்கள். பிரதிநிதியின் பெட்டியோ உங்கள் மருந்துச் சீட்டைத் தேடி வருவது. நவீன மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறைகளில் 2009இல் ஒரு திருத்தம் செய்து, மருந்து நிறுவனங்களின் பரிசுகளை ஏற்கக் கூடாது என்று விதித்தார்கள். யோகம் கற்றவருக்கு அந்த விதி வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. இதை வாங்கினால் அடுத்து வரும் நோயாளிக்கு நான் சொல்லப்போகும் யோசனை மாறுமா என்று உங்களையே கேளுங்கள். மாறும் என்றால் கையை மடக்கிக்கொள்ளுங்கள். மாறாது என்றால் முருங்கைக்காயை இரு கையாலும் வாங்கி, எந்த மரம், எப்போது காய்க்கும் என்று விசாரியுங்கள்.

நீங்கள் ஏற்கெனவே பெரிதாக ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். பயிற்சி மருத்துவராக முதல்முறை ஒருவர் வயிற்றில் மண் பட்டி வைத்தபோது, முதுகு வலிக்காரர் ஒருவரைப் புஜங்காசனத்துக்கு மெல்ல எழுப்பியபோது, உங்கள் கை தடுமாறியிருக்கும். அது அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் அசையாமல் படுத்திருந்தார். தன் உடம்பை உங்களுக்குப் பாடமாகக் கொடுத்த அந்த மனிதரின் பெயர்கூட இன்று உங்களுக்கு நினைவில் இருக்காது. அவருக்குத் திருப்பித் தர வழியில்லை. அடுத்து வருகிறவருக்குத்தான் தர முடியும்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். எவ்வளவு பெரிய சிகிச்சை நிபுணர் ஆனாலும் வாரம் ஒருமுறை இன்னொருவர் நடத்தும் வகுப்பில் மாணவராகப் பாய் விரியுங்கள். உங்களைவிட இளையவர் திருத்தினால் திருத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று, இந்தக் கல்லூரி மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவுக்கு மாதம் ஒரு நாள் வந்து பணியாற்றுங்கள். சம்பளமோ பதாகையோ இருக்காது. மதியச் சாப்பாடு நோயாளிகளோடு சேர்ந்து. கல்லூரி முதல்வரிடம் இதைப் பேசினேன், அவரும் ஒப்புக்கொண்டார். வர விரும்புகிறவர்கள் விழா முடிந்ததும் அலுவலகத்தில் பெயரையும் வசதியான கிழமையையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம்.