தலைவருக்குச் சால்வை மட்டும் போதுமா?



பொறுப்பிலிருந்து விடைபெறும் நம் சங்கத் தலைவரைப் பார்க்கும்போது ஜெரோம் டிசோசா அடிகளார்தான் நினைவுக்கு வருகிறார். 1925-ல் இயேசு சபையார் தொடங்கிய சென்னை லயோலா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர், ஐ.நா. சபைக்கும் இந்தியக் குழுவில் போய் வந்தார். கல்லூரியை விட்டதும் ஓய்ந்துவிடவில்லை. 1951-ல் இந்திய சமூக நிறுவனத்தைத் தொடங்கினார். லயோலாவும் அவரோடு நின்றுவிடவில்லை. அடுத்து வந்தவர்கள் நடத்தினார்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

நம் தலைவருக்குச் சால்வை போர்த்துவோம், சரி. அவர் தொடங்கிய மாலை வகுப்பு? பிளஸ் டூவோடு பனியன் கம்பெனிக்குக் கைமடி வேலைக்குப் போகவிருந்த பிள்ளைகள் அதனால்தான் இன்று கல்லூரியில் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு மாலை ஒதுக்க முடிந்தவர்கள், கூட்டம் கலைவதற்குள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.